'விரைவில்' என்ற சொல்லுக்குக் கீழே உன் கைகள்

மேலூர் பஸ் ஸ்டாண்டில் மைதாப் பசை வாடை அடித்தது. திரும்பிப் பார்த்தால், சுவரில் இரண்டு பேர் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மலை, மேகம், மேகத்துக்குள் ஏதோ ஒரு நிழல். கீழே பெரிதாக 'விரைவில்'. நம் ஊர் கேளிக்கைப் பூங்காக்காரர்களின் போஸ்டர்தான். அதை உன் கண்ணீர் அஞ்சலியின் மேலேயே ஒட்டியிருந்தார்கள். உன் முகம் மறைந்துவிட்டது. கும்பிட்ட கைகள் மட்டும் அடியில் நீட்டிக்கொண்டிருந்தன, அந்தச் சொல்லைக் கும்பிடுவது போல.

செத்தும் உனக்குப் புத்தி வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நடிகனுக்கு மன்றம் வைக்கிற ஊரில் நீ ராட்டினத்துக்கு மன்றம் வைத்தாய். ஊருக்கு வெளியே இருந்த அந்தப் பூங்காவுக்குள் கம்பி ஏற்றிய லாரி நுழைந்தால் போதும், அவர்கள் வரும் வரும் என்று சொன்ன ரோலர் கோஸ்டர் வந்தாச்சு என்று வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் செய்தி போடுவாய். அந்தக் கம்பியெல்லாம் கார் நிறுத்துமிடத்துக்குக் கூரையாகிவிட்டது. அதற்குள் உன் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தி இடது கை முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது. கோஸ்டரில் ஏறலாமா என்று டாக்டரிடமே கேட்டாய். முதலில் திறக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாராம். அவரும் பூங்காக்காரர்கள் ஆள்தான் என்று சிரித்தாய்.

ரசிகர் சந்திப்பு என்று ஒருநாள் பூங்காவில் நம்மை ஏ.சி. அரங்கில் உட்காரவைத்து, சமோசா கொடுத்து, வீடியோ காட்டினார்கள். அப்போதும் இதே மேகம். நீ அந்த வீங்கிய கையால் மைக்கைப் பிடித்தாய்.

"எப்போ சார்? அதைச் சொல்ல முடியலேன்னா, அது ஏறுறதா, இறங்குறதா, சுத்துறதா, அதையாவது சொல்லுங்க."

அது ஒரு அனுபவம் என்று சிரித்தார் மேனேஜர். கனவுக்கு ஏது தேதி என்றார். நம் ஆட்களே கைதட்டினார்கள். கைதட்டல் கேட்டதும் நீ உட்கார்ந்துவிட்டாய். என் காதருகே வந்து, "அவங்களுக்கே தெரியாதுடா மாப்ள" என்றாய்.

தெரிந்தும் நன்றி போஸ்டர் அடித்தாய். கோஸ்டர் தந்த நிர்வாகத்துக்கு நன்றி, கும்பிட்டபடி நீ. கேட்டது கிடைக்கும் முன்பே நன்றி ஒட்டுவது நம்ம ஊர் வழக்கம்தான். பஸ் நிறுத்தம் கேட்டு அப்படி ஒட்டினால் கவுன்சிலர் வெட்கப்பட்டாவது செய்வார். அடுத்த தடவை அவருக்கு ஓட்டு வேண்டும். இவர்களுக்கு உன்னிடம் என்ன வேண்டும்? "ஊரே பாத்துருச்சு, இனி பின்வாங்க முடியாதுல்ல" என்றாய். அவர்கள் உன் போஸ்டரைப் படமெடுத்துத் தங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டு, 'உங்கள் அன்புக்கு நன்றி, விரைவில்' என்று எழுதினார்கள். நீ அவர்களுக்கு ஓசி விளம்பரம் ஆனாய். அதற்கும் லைக் எம்புட்டு பாரு என்று காட்டினாய்.

காசுள்ளவன் சிங்கப்பூர் போய் ஏறிவிட்டு வருகிறான். இந்த 'விரைவில்' நம்மை மாதிரி ஆட்களுக்கு மட்டும். ஆஸ்பத்திரியில் மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருந்தபோதும் உனக்கு இதையேதான் சொன்னார்கள்.

நீ போனபின் அஞ்சலிக்கு வேறு நல்ல படம் கிடைக்கவில்லை. நன்றி போஸ்டரில் இருந்ததையே வைத்தோம். ஒட்டி முடித்து டீ குடிக்கும்போது, பக்கத்தில் நின்றவர் உன் படத்தைப் பார்த்துவிட்டு, பழைய நன்றி போஸ்டர் என்று நினைத்து என்னிடம் கேட்டார்: "பார்க்குல கோஸ்டர எப்பத் திறக்குறாங்களாம்?"

இன்று நான் போஸ்டரின் ஓரத்தில் கை வைத்ததும் பசை வாளிக்காரர் நிதானமாகச் சொன்னார்: "ஒட்டுறது எங்க வேலை, கிழிக்கிறது உங்க இஷ்டம். நாங்க போனப்புறம் கிழிங்கண்ணே."

போனபின் கிழித்தேன். பசையின் ஈரத்தில் உன் முகமும் அவர்கள் காகிதத்தோடு சேர்ந்து உரிந்து வந்தது. பிரிக்கப் பார்த்தால் நீதான் கிழிந்தாய். கைகள் மட்டும் சுவரிலேயே நின்றுவிட்டன.

அங்கிருந்து நேராக வேலைக்குப் போனேன். குடோனில் எங்களை நிற்கவைத்துப் பேசிய அதிகாரி, காண்ட்ராக்ட் ஆட்கள் எல்லோரும் விரைவில் நிரந்தரம் என்றார். கைதட்டிவிட்டு எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். என் நகக்கண்ணில் இன்னும் பசை இருந்தது.

"எந்த மாசம் சார்?" என்றேன்.

அந்தப் பூங்கா மேனேஜரின் அதே சிரிப்பு. உட்காருங்க தம்பி, சொல்றேன் என்றார்.

நான் உட்காரவில்லை.