சைடு ஸ்டேண்டில் பார்த்த ஆயில்

அண்ணாமலையார் துணை

அடி அண்ணாமலை
4-6-2024

அன்புள்ள ரஹமத் அக்காவுக்கு,

திரௌபதி எழுதுவது. இங்கே நானும் அவரும் மாடுகளும் நலம். ஆம்பூரில் நீங்களும் மகள் சதஃபும் பேரப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது சொல்லிக்கொள்கிறேன். பிள்ளை யார் ஜாடை என்று எழுதவே இல்லையே. போட்டோவில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறான், மூக்கு மட்டும் உங்கள் வீட்டு மூக்கு. பேரன் வந்ததும் இந்தத் தங்கச்சி ஞாபகம் போய்விட்டதா அக்கா?

நம் வெள்ளை மாடு கிடாரி போட்டிருக்கிறது. ஆசிரமத்துப் பக்கம் இன்னும் ரெண்டு காபிக் கடையில் பால் கேட்கிறார்கள். இவர் இப்போது காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை என்று பைக்கில் கேனைக் கட்டிக்கொண்டு ஓடுகிறார். வண்டி நின்றால் பிழைப்பு நின்றுவிடும். அதனால் வண்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள். வண்டி வாங்கும்போது கொடுத்த புத்தகம் பீரோவில் இருந்தது. எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்தேன். இஞ்சின் பக்கத்தில் ஒரு மூடி இருக்கிறது, அதோடு சேர்ந்தாற்போல ஒரு குச்சி. அதில் ரெண்டு கோடு. ஆயில் அந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டுமாம். "மாட்டுக்கு வைத்தியம் பாத்து முடிச்சிட்ட, இப்ப வண்டிக்கா?" என்று இவர் கிண்டல் செய்தார்.

இனி எழுதப்போவது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. போனில் சொன்னால் உங்களுக்குக் காது கேட்காது, சதஃப்தான் வாங்கி உங்களுக்குச் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்றவள் காதில் விழ வேண்டிய பேச்சு இல்லை என்பதால் எழுதுகிறேன்.

போன வாரம் உங்கள் பிள்ளை சல்மானின் மெக்கானிக் கடையில் ஆயில் மாற்றினோம். புது ஆயில் ஒரு பாட்டில் என்று பில் போட்டான். மறுநாள் காலையில் குச்சியை எடுத்துப் பார்த்தால் ஒரு சொட்டு ஒட்டவில்லை. துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். அப்போதும் இல்லை. நேராகக் கடைக்குப் போய்க் கேட்டேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள், வெளிநாட்டுக்காரர்களுக்கு வண்டி வாடகைக்கு விடும் பிரசாத்தும் இருந்தார். நான் மெதுவாகத்தான் ஆரம்பித்தேன் அக்கா. சல்மான், "வண்டிய நிமித்தி வெச்சுப் பாருங்க அத்தை" என்றான். ஆயில் எங்கே என்று கேட்டால் வண்டியை நிமிர்த்தச் சொல்கிறான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வண்டி நேராத்தாம்ப்பா நிக்குது, உன் கைதான் சாய்ஞ்சிருக்குது. பாட்டில்ல பாதிய எங்க ஊத்தன?" என்று கேட்டுவிட்டேன். அவன் திரும்பி வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.

அவன் அப்பா மதார் சாகிப் அண்ணன் உட்கார்ந்திருந்த கடை. அவர் பில்லில் ஒரு நட்டு ஜாஸ்தி எழுதமாட்டார். உங்களிடம் மறைத்தால் நாளைக்கு நீங்களே என்னைக் கேட்பீர்கள் என்றுதான் எழுதினேன். பையனைத் திட்டாதீர்கள், பக்குவமாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை
திரௌபதி

*

786

ஆம்பூர்
10-6-2024

அன்புத் தங்கை திரௌபதிக்கு ரஹமத்துன்னிசா துவாவுடன் எழுதிக்கொள்வது.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. படித்துவிட்டு எனக்கு இரண்டு வேளை சோறு இறங்கவில்லை. நீ ஒரு விஷயத்தைச் சொன்னால் அதற்குமேல் பார்க்க வேண்டியதில்லை என்று நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். உப்புப் பொட்டலம் வாங்கினால்கூட எழுதி வைக்கிறவள் நீ. உன் அளவு தப்பாது.

சல்மான் நேற்று ஞாயிற்றுக்கிழமை சதஃபின் பிள்ளையைப் பார்க்க இங்கே வந்தான். தொட்டிலுக்குக் கொசுவலை, சதஃபுக்குப் பேரீச்சம்பழம் எல்லாம் வாங்கி வந்திருந்தான். வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன். "அத்தை சைடு ஸ்டேண்டுல நிறுத்திப் பாத்திருக்காங்கம்மா, அதான்" என்றான். எனக்கு ஸ்டேண்டும் தெரியாது, ஒன்றும் தெரியாது. பிடிபட்டவன் சாக்கு சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். "உங்க அத்தா பேர கெடுக்காத" என்றேன். "திரௌபதி அத்தை சரின்னு எனக்கு எழுதற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்காத, பக்ரீத்துக்கும் வராத" என்று சொல்லிவிட்டேன். குழந்தை உள்ளே முழித்துக்கொண்டுதான் இருந்தான். காட்டவில்லை. கொசுவலையை வாசலில் வைத்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

என் வயிற்றில் பிறந்தவன் உன் வீட்டில் இப்படிச் செய்தானே. உன் வீட்டுக்காரர் பலராமன் தம்பி முகத்தில் எப்படி முழிப்பேன்? என் வீட்டுக்காரர் காலமான பிறகு எனக்குத் துணையாக வந்து ஒரு வாரம் படுத்தவள் நீ. என்னை மன்னித்துக்கொள்.

அவன் வந்து உன்னிடம் ஒத்துக்கொண்டால் ஒரு வரி எழுது. பண்டிகைக்கு முன்னால் எழுதினால் நல்லது. அவன் இல்லாமல் நான் பெருநாள் கொண்டாடியதில்லை.

ரஹமத்துன்னிசா

*

அண்ணாமலையார் துணை

அடி அண்ணாமலை
23-6-2024

ரஹமத் அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். சல்மான் திருடவில்லை. ஒரு பாட்டில் என்று எழுதினான், ஒரு பாட்டில்தான் ஊற்றினான். தப்பு முழுக்க என்னுடையது.

நடந்ததைச் சொல்கிறேன். கடையில் சண்டை போட்டுவிட்டு வந்த பிறகு பெட்ரோல் பங்கில் நானே ஆயில் வாங்கினேன். குச்சியில் ஆயில் தெரிகிற வரைக்கும் ஊற்றினேன். அடுத்த வாரம் பார்த்தால் மறுபடியும் கம்மியாகத் தெரிந்தது, இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். வண்டி புகை விட ஆரம்பித்தது. இவர் சொன்னபோது, "அந்தப் பையன் எந்த ஆயில ஊத்தி வெச்சானோ" என்றேன். அப்போதும் அவன் மேலேதான் போட்டேன்.

வெள்ளிக்கிழமை பௌர்ணமி. கூட்டம் சேர்வதற்குள் பாலை இறக்கிவிட வேண்டும் என்று இவர் விடிந்ததும் கிளம்பினார். கிரிவலப் பாதையில் பாதி தூரம் போவதற்குள் வண்டி வெள்ளைப் புகையாகக் கக்கிவிட்டு நின்றுவிட்டது. நடந்து வந்தவர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினார்களாம். பக்கத்தில் இருந்த ஒரு மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போய் எனக்குப் போன் செய்தார். நான் எப்படிப் போனேன் தெரியுமா அக்கா? இன்றைக்கு சல்மானின் குட்டு உடைந்தது, வேறொரு மெக்கானிக் வாயாலேயே கேட்டுவிடலாம் என்று ஆட்டோ பிடித்துக்கொண்டு போனேன்.

அந்த மெக்கானிக் வண்டியை டபுள் ஸ்டேண்டில் ஏற்றி நிறுத்தினார். அடியில் இருந்த போல்ட்டைக் கழற்றினார். ஆயில் ஊற்றுகிறது, ஊற்றுகிறது, தட்டு நிரம்பித் தரையில் ஓடுகிறது. "யாருங்க இது, வடை சுடறதுக்கா இவ்ளோ ஊத்தனது?" என்று சிரித்தார். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அப்போதும் விடாமல், குச்சியில் ஒன்றுமே இல்லாமல் இருந்தது என்றேன். "எப்படி நிறுத்திப் பாத்தீங்க?" என்று கேட்டார். பக்கவாட்டில் சாய்த்துத்தான் என்றேன். போல்ட்டை மாட்டி, சரியான அளவு புது ஆயில் ஊற்றி, குச்சியை விட்டு எடுத்துக் காட்டினார். ரெண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தது. பிறகு வண்டியைச் சைடு ஸ்டேண்டில் சாய்த்துவிட்டு அதே குச்சியை விட்டு எடுத்தார். காய்ந்து கிடந்தது. ஆயில் எல்லாம் அந்தப் பக்கம் போய்விடுகிறதாம்.

சல்மான் அன்றைக்கு ஒரே வார்த்தையில் இதைத்தான் சொன்னான். உங்களிடமும் இதையேதான் சொல்லியிருக்கிறான்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதினால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். ஆனால் அது பொய். புத்தகத்தில் போட்டிருக்கிறது அக்கா. வண்டியை டபுள் ஸ்டேண்டில் சமதரையில் நிறுத்திப் பார்க்கவும் என்று முதல் வரியே அதுதான். படித்தேன். இழுத்துப் பார்த்தேன், வண்டி கனமாக இருந்தது, என்னால் ஏற்ற முடியவில்லை. இவரைக் கூப்பிட்டால் கிண்டல் செய்வார். கொஞ்சம் சாய்ந்தால் என்ன ஆகிவிடப் போகிறது என்று விட்டுவிட்டேன். பால் அளக்கிற ஜாடியைச் சாய்த்துப் பிடித்து யாராவது எனக்கு அளவு காட்டினால் விடுவேனா?

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதம் பக்ரீத்துக்கு முன்பே வந்துவிட்டது. சரி, பரவாயில்லை, பையனைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி நான் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அவன் வந்து என்னிடம் கேட்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். என் பேச்சுக்கு நீங்கள் பெற்ற பிள்ளையையே வாசலில் நிறுத்தினீர்கள் என்று படித்தபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை, சாமியிடம்கூடச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து விளக்கை ஏற்றிவிட்டு நிமிர்ந்து பார்க்காமல் வந்துவிடுகிறேன்.

நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிய காகிதத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என்னை மன்னியுங்கள் அக்கா.

திரௌபதி

*

786

ஆம்பூர்
29-6-2024

திரௌபதிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். சதஃபிடமும் கொடுத்தேன். அவள் படித்துவிட்டுப் பிள்ளையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு என் மேல்தான் கோபம்.

பெருநாள் அன்று அவன் தொழுதுவிட்டு வந்து கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். பக்கத்துக் கடைக்காரர் தட்டில் சோறு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். பிரசாத் அவருடைய வாடகை வண்டிகள் எல்லாவற்றையும் வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார். இதெல்லாம் இப்போதுதான் எனக்குத் தெரியும்.

உன்னை நான் என்ன சொல்வது? நீ வண்டியைத்தான் தப்பாகப் பார்த்தாய். நான் என் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நம்பவில்லை. நேற்று சதஃபைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் அவனுக்குப் போன் போட்டு, அவன் பேசுவது எனக்குக் கேட்காது என்பதால், நானே பேசிவிட்டு வைத்துவிட்டேன். வா என்றேன். அவன் வருகிறேன் என்றானா, இல்லை என்றானா என்று சதஃபைக் கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை என்கிறாள்.

என்னிடம் மன்னிப்புக் கேட்காதே. கடையில் நாலு பேர் நடுவில் அவனை வாயால் சொன்னாய், காகிதத்தில் கேட்டால் தீராது.

இப்போதைக்கு நீ இங்கே வர வேண்டாம்.

ரஹமத்துன்னிசா

*

அண்ணாமலையார் துணை

அடி அண்ணாமலை
7-7-2024

ரஹமத் அக்காவுக்கு,

நேற்று போனேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் பிரசாத்திடம் போனேன். அவர் வெள்ளைக்காரர் ஒருவருக்கு ஹெல்மெட் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். "சரி விடும்மா, நான் அன்னிக்கே மறந்துட்டேன்" என்றார். அப்படியானால் வண்டிகளைத் திரும்ப சல்மானிடம் விடுங்கள் என்றேன். இப்போது கொடுக்கிற இடத்தில் கூலி கொஞ்சம் கம்மியாக ஆகிறது, பார்க்கலாம் என்றார். நான் சொன்ன பொய்க்கு உடனே கைமேல் பலன் கிடைத்தது. உண்மைக்குப் பார்க்கலாம் என்கிறார்கள். கும்பிட்டுக் கேட்டேன், அதற்குமேல் என்ன செய்ய முடியும்?

அங்கிருந்து கடைக்குப் போனேன். இவர் எனக்கு முன்பே வண்டியைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்திவிட்டு, "இது உன் விவகாரம்" என்று சொல்லிவிட்டு எதிரே டீக்கடைக்குப் போய்விட்டார். கடையில் ஆட்கள் இருந்தார்கள். சல்மான் என்னைப் பார்த்தான், குனிந்து வேலை செய்தான். எனக்குப் பிறகு வந்த வண்டிகளையும் எனக்கு முன்னால் முடித்து அனுப்பினான். வெயில் ஏறிவிட்டது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

கடைசியில் நானே பேசினேன். "சல்மான், நீ ஆயில் சரியாத்தான் ஊத்தன. நாந்தான் சாய்ச்சு வெச்சுப் பாத்துட்டு உன்ன திருடன்னு சொல்லிட்டேன்." ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "டபுள் ஸ்டேண்டு போடுங்க" என்றான்.

நான் கையால் இழுத்துப் பார்த்தேன், ஏறவில்லை. ஒருவர் உதவிக்கு எழுந்தார். "நீங்க உக்காருங்கண்ணா, அவங்களே போடுவாங்க" என்றான். புடவையைச் செருகிக்கொண்டு மறுபடியும் இழுத்தேன். அப்போதும் ஏறவில்லை. "இழுக்காதீங்க, ஸ்டேண்டு மேல கால வெச்சு மிதிங்க" என்றான். உடம்பு பாரம் முழுக்கப் போட்டு மிதித்தேன். வண்டி தானாக ஏறி நிமிர்ந்து நின்றது. இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. இதைக் கேட்டிருந்தால் என்னிடம் முதல் நாளே சொல்லியிருப்பான்.

மூடியைத் திருகி எடுத்து, குச்சியைத் துடைத்து என் கையில் கொடுத்தான். விட்டு எடுத்தேன். "எங்க இருக்குது?" என்றான். ரெண்டு கோட்டுக்கும் நடுவில் என்றேன். எனக்கே கேட்காத மாதிரிதான் வந்தது குரல்.

"சத்தமா சொல்லுங்க அத்தை."

சொன்னேன். கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். என்னை அவமானப்படுத்தச் சொன்னானா, மறுபடியும் அத்தை என்று கூப்பிடுவதற்காகச் சொன்னானா, எனக்கு இன்னும் தெரியவில்லை. குச்சியை வாங்கி மாட்டி மூடியை இறுக்கிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டான். உட்காரச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

நீங்கள் வர வேண்டாம் என்று எழுதியது சரிதான் அக்கா. பிள்ளையைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் முதலில் அவன் மாமன் சல்மான் வந்து தூக்கட்டும். தூக்கினான் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். அதற்குப் பிறகும் நீங்கள் கூப்பிட்டால்தான் வருவேன். கூப்பிடாவிட்டாலும் அந்த ஒரு வரியை மட்டும் எழுதுங்கள்.

திரௌபதி