காலிக் குப்பிகள்

நாள் 212, 09:10
செவ்வாய்ச் சுற்றுநிலையம். எழுதுவது ஜெசிந்தா, இங்கிருக்கும் ஒரே ஆள். கீழே தளத்தில் பதினான்கு பேர். உதட்டில் கொப்புளம் போடும் ஹெர்ப்பீஸ் வைரஸ் அத்தனை பேருக்கும் விழித்துக்கொண்டது. இருவருக்கு மூளைவரை ஏறிவிட்டது. தடுப்பூசி தயார்: மரபணு இல்லாத வைரஸ் கூடுகள். ஆய்வுத் தட்டிலிருந்த செல்கள்மேல் ஊற்றினேன், ஒன்றுகூடச் சாகவில்லை. கூட்டுக்குள் ஒன்றுமில்லை என்று நாற்பத்திரண்டு குப்பிகளிலும் 'காலி' என எழுதி இறங்குகலத்தில் வைத்துப் பூட்டினேன். தளத்தில் இறங்கினால்தான் பூட்டு திறக்கும். குப்பியில் அடைத்தது போக மீந்ததில் முதல் ஊசி எனக்கே போட்டுக்கொண்டேன். நாளை மறுநாள் நானும் அதே கலத்தில் இறங்குகிறேன்.

நாள் 213, 10:40
உதட்டில் கொப்புளம். எனக்குள்ளும் அது உறங்குவது தெரியும். ஊசி போட்ட மறுநாளே எழ அதற்கு என்ன அவசரம்? மீந்த கூடுகளைப் பாதிச் செல்களுக்குக் கொடுத்து, எல்லாவற்றிலும் உயிருள்ள வைரஸை விட்டிருக்கிறேன்.

நாள் 214, 07:55
கூடு பெறாத செல்கள் இருபது மணி நேரம் தாக்குப்பிடித்தன. கூடு பெற்றவை ஒன்பது மணி நேரத்தில் செத்தன.
கூட்டுக்குள் மரபணுதான் இல்லை. செல்லின் எச்சரிக்கையை அணைக்கும் புரதங்கள் அப்படியே இருக்கின்றன. கூடு முன்னால் போய்க் காவலாளியைத் தூங்கவைக்கிறது. வைரஸ் சாவகாசமாக உள்ளே வருகிறது. கூட்டை மட்டும் தனியாகச் சோதித்துவிட்டுக் காலி என்று எழுதினேனே, மடச்சி.

14:20
கலத்தை இறக்க வேண்டாம் என்று இருவருக்கும் செய்தி அனுப்பினேன். பதில்கள் வந்தன.
பூமிக் கட்டுப்பாட்டு அறை, மாதவராஜ்: "நீங்களேதான காலின்னு எழுதியிருக்கீங்க மேடம். காலிக் கூடு யார என்ன பண்ணிடும்? அஞ்சு மணிக்குக் கலத்த இங்கிருந்தே இறக்குறோம்."
தளத்து மருத்துவர் தாவூது: "வந்துச்சுன்னா போட்டுருவேன் ஜெசி. ரெண்டு உசுரு கண்ணு முன்னாடி போய்ட்டிருக்கு. சும்மா உக்காந்திருக்கச் சொல்றியா?"
ஆமாம். சும்மாதான் இருக்கச் சொல்கிறேன்.

16:31
வெளியே போய்க் கலத்தின் விடுவிப்புக் கம்பியை அறுத்துவிட்டேன். இனி அது நிலையத்தைவிட்டுப் பிரியாது. கூடவே இறங்கிக் குப்பிகளை உடைத்திருக்கலாம். ஆனால் வைரஸ் கண்ணுக்கு ஏறி இடது கண் மங்குகிறது, இறங்கும்வரை வலது கண் இருக்கும் என்று யார் சொன்னது? எனக்கும் வேறு கலம் இல்லை. பரவாயில்லை. மாதவராஜ் கத்தட்டும், பதின்மூன்று நிமிடம் கழித்துத்தான் காதில் விழும். பயமாக இருக்கிறது. இருந்தாலும் மறுபடி அறுப்பேன்.

நாள் 216, 11:05
தாவூது: "ஒருத்தி கண்ணு முழிச்சுட்டா ஜெசி. தண்ணி கேட்டா. இன்னொருத்தனுக்கும் காச்சல் எறங்குது. நீ அனுப்பாததே நல்லதாப் போச்சு. நீ எப்படி இருக்க?"
நன்றாக இருப்பதாகச் சொன்னேன். பொய்தான்.

நாள் 217
நேரம் தெரியவில்லை. வலது கண்ணும் போய்விட்டது. தடவித் தடவித்தான் எழுதுகிறேன். வார்த்தை நழுவுகிறது.
இதைக் கண்டெடுப்பவருக்கு: கலத்தில் நாற்பத்திரண்டு குப்பிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தில் 'காலி' என்றிருக்கும். நம்பாதீர்கள். அடித்துத் திருத்தலாம் என்றால் பூட்டு திறக்காது.
இங்கே காலி நான் மட்டும்தான். அவை காலி இல்