நொண்டி அடிக்காத மகளுக்கு

என் ஓட்டக்காரிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உங்கப்பாவும் சுகம், அவருடைய குறட்டை எங்களைவிட சுகம். உன் சுகத்தைத்தான் எழுதிக் கேட்க வேண்டியிருக்கிறது. கைக்குள் போன் இருக்கும்போது அம்மா எதற்கு எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதி கூரியரில் அனுப்புகிறாள் என்று சிரிப்பாய். சிரி. இந்த வாரம் நானும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன், இடுப்பு என்று நான் வாயைத் திறந்தாலே உனக்குப் பயிற்சிக்கு நேரமாகிவிடுகிறது. காகிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது பார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைப் பார்த்து பயந்து ஓடிப்போச்சு, அதனால் பிழை இருந்தால் நீயே திருத்தி வாசித்துக்கொள். எங்கள் ஆஸ்பத்திரி கேன்டீனில் புது பாய்லர் வாங்கியிருக்கிறார்கள், அது கொதிக்கும்போது உன் சித்தப்பா கொட்டாவி விடுகிற சத்தம் அப்படியே வருகிறது. உங்கப்பா பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பதைவிட உன் கதையைக் கொடுப்பதுதான் அதிகம். என் பொண்ணு அடுத்த மாசம் தேர்வு ஓட்டத்துல ஓடப்போறா என்று ஏறுகிறவர் இறங்குகிறவர் ஒருத்தரையும் விடுவதில்லை. ஒரு பெரியவர் அதைக் கேட்டுக்கொண்டே தன் ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டாராம். இந்த மனுஷன் கொஞ்சமாவது வெட்கப்பட்டாரா, மிச்சக் கதையையும் சொல்லி முடித்துத்தான் இறக்கிவிட்டிருக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ விடுதியிலிருந்து வீடியோவில் வந்தபோது பந்தயம் கட்டினோமே, டிவியில் செய்தி முடிவதற்குள் அப்பா தூங்கிவிடுவார் என்று நான், தூங்கமாட்டார் என்று நீ. தலைப்புச் செய்தியிலேயே அவர் தலை சாய்ந்துவிட்டது, நீ தோற்றாய். நம் வீட்டுச் சட்டம் உனக்குத் தெரியாததா, தோற்றவர் ஒற்றைக் காலில் நொண்டியடித்து மேஜையை ஒரு சுற்று சுற்றவேண்டும், அதில் யாருக்கும் சலுகை கிடையாது. உங்கப்பா காய்ச்சலோடு சுற்றியிருக்கிறார். நான் இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு சுற்றியதில் கீழ்வீட்டுக்காரர், மேலே என்னத்தை இடிக்கிறீங்க என்று படியேறி வந்துவிட்டார். நீயோ ஜெயித்த நாளிலும் சும்மா கூடச் சேர்ந்து குதிக்கிறவள். அன்றைக்கு, கட்டிலைச் சுற்றி ஒரு நொண்டி அடிடி என்றதும் உன் முகம் போன போக்கைப் பார்த்தேன். சிக்னல் போகுதும்மா என்றாய். உன் பின்னால் சுவரில் இருந்த பல்லியின் வால்கூட எனக்குத் தெளிவாகத் தெரிந்ததடி. கட்டில் விளிம்பை ஒரு கையால் பிடித்து எழுந்தாய், இன்னொரு கையின் விரல்கள் முன்னும் பின்னுமாக இடுப்பைக் கவ்விப் பிடித்திருந்தன. என்னடி போட்டோவுக்கு நிற்கிறவள் மாதிரி போஸ் கொடுக்கிறாய் என்று கிண்டல் பண்ணத்தான் வாய் திறந்தேன். அந்த முதல் எட்டை நீ காலை இழுத்து வைத்ததைப் பார்த்ததும் வாய் அப்படியே நின்றுவிட்டது. தொடை இடுக்குல வெறும் சதைப்பிடிப்பும்மா, கோச் சார் காலை நீட்டி மடக்கச் சொல்லியிருக்கார், ஸ்ப்ரே அடிச்சிட்டு ஓடறேன் என்று நீ முன்னமே சொன்னது அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

மறுநாள் எலும்பு டாக்டரம்மா சர்க்கரையில்லாத காபிக்கு வந்தபோது கேட்டுவிட்டேன். நீ நொண்டி அடிக்காத கதையைத்தான் முதலில் சொன்னேன், சிரித்தார்கள். இடுப்பைக் கவ்விப் பிடித்ததைச் செய்து காட்டினேன், டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். அப்புறம் ஒரே கேள்வி மயம். விரலை வெச்சு இங்கதான்னு காட்டறாளா, இல்ல மொத்தமா பிடிக்கிறாளாக்கா, ஓடும்போது சுருக்னு பிடிச்சு ஒரே நொடியில வந்த வலியா, இல்ல கொஞ்சம் கொஞ்சமா ஏறினதா, படுத்தாலும் விடாம வலிக்குதா. ஓடுகிறவர்களுக்குத் தொடையின் பின் சதை கிழியுமாம், பந்து விளையாடுகிறவர்களுக்கு முன்தொடையில் அடிபட்டு ரத்தம் கட்டுமாம், அதைப் போட்டுத் தேய்க்கவே கூடாதாம், வளர்கிற பிள்ளைகளுக்குச் சதை இழுத்த இழுப்பில் இடுப்பெலும்பின் ஓரமே பிய்த்துக்கொண்டு வருமாம். இந்த இடுப்புக்குள்ளே இத்தனை சாமான் இருப்பது தெரியாமலே நான் இத்தனை வருஷம் இதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன் பார். ஆனால் உனக்கு அவர்கள் பயப்படுவது வேறு. என் குழம்புக் கரண்டியை வாங்கிக் காட்டினார்கள். தொடை எலும்பின் மேல்முனை இந்தக் கரண்டிக் குழியின் முதுகு மாதிரி உருண்டை, அது இடுப்புக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும், அதற்குக் கீழே கரண்டி வளைகிற இடம்தான் எலும்பின் கழுத்து. ஓய்வில்லாமல் ஓடினால் அந்தக் கழுத்தில் மயிரிழை மாதிரி விரிசல் விழுமாம். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது, ஏனென்றால் கேன்டீனில் ஒரு பெரிய கரண்டி அப்படித்தான் போனது. தினமும் கழுவுகிற எங்கள் கண்ணுக்கே அந்தக் கோடு தெரியவில்லை, ஒருநாள் நிறைய மொண்டபோது கழுத்தோடு முறிந்து அண்டாவுக்குள் விழுந்தது. கரண்டி போனால் கடையில் வாங்கலாம்.

பார்க்காம எனக்கு ஒண்ணும் சொல்ல முடியாதுக்கா, ஆனா பார்க்காம அவளை ஓட விடவும் முடியாது, இது அவர்கள் சொன்ன வார்த்தை. வெறும் சதையாகவே இருக்கலாமாம், இருந்தால் சந்தோஷம். ஆனால் ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலே போகலாமாம், எக்ஸ்ரே சுத்தம் என்று சொல்லி நீ தப்பிக்க முடியாது, எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும். கழுத்தின் கீழ்ப்பக்கம் விரிசல் என்றால் ஊன்றுகட்டை வைத்துக்கொண்டு அந்தக் காலில் பாரம் போடாமல் இருந்தாலே பெரும்பாலும் கூடிவிடுமாம், பிறகு தண்ணீருக்குள் நடை, அப்புறம் தரையில் நடை, கடைசியில்தான் ஓட்டம். மேல்பக்கம் என்றால் தள்ளிப்போடாமல் திருகாணி போட்டு இறுக்கவேண்டும். வலி மாத்திரையை முழுங்கிவிட்டு ஓடி அது முறிந்து விலகினால் அந்த உருண்டை ரத்தம் கிடைக்காமல் செத்தே போகலாமாம். அப்புறம் தேர்வு ஓட்டம் இருக்கட்டும், பஸ் படி ஏறுவதே பெரிய பாடு. குதித்தால் இடுக்குக்குள் ஆழமாகக் குத்தும் என்றும் சொன்னார்கள். இதை வாசித்ததும் குத்துகிறதா பார்ப்போம் என்று நீ குதித்துப் பார்ப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. குதித்தாயானால் வந்து தோலை உரிப்பேன்.

இன்னொன்று, இதை மட்டும் அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். மாசாமாசம் வருவது வருகிறதா என்று டாக்டரம்மா கேட்டார்கள். ரொம்ப நாளா வரலம்மா, ஓடறதுக்கு வசதியாப் போச்சு என்று நீ சொன்னதைச் சொன்னேன். அவர்கள் சிரிக்கவில்லை. ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டால் உடம்பு முதலில் அதைத்தான் நிறுத்தும், கூடவே எலும்பும் மெலியும் என்றார்கள். எடை குறைஞ்சா வேகம் கூடும் என்று யார் சொன்னாலும் சரி, தட்டில் பாதியை ஒதுக்கி வைக்காதே கண்ணு. முட்டையில் மஞ்சளைத் தள்ளிவிட்டு வெள்ளையை மட்டும் தின்கிறாயாமே, அந்தக் கோழி பாவம் என்ன நினைக்கும். டாக்டரிடம் இதை வெட்கப்படாமல் நீயே முதலில் சொல்லிவிடு.

இப்போது உங்கப்பா விஷயம். ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாரே, இவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு ஒரே தயக்கம். சாப்பிடும்போது சொன்னேன். முதலில், தேர்வு ஓட்டம் முடிஞ்சதும் பார்த்துக்கலாமே என்றார். அப்புறம் நான் மிச்சத்தையும் சொன்னேன். எழுந்து போய்த் தட்டைத் தானே கழுவி வைத்தார், கல்யாணமான நாளிலிருந்து நடக்காத அதிசயம், பயந்தே போனேன். கையைத் துடைத்துக்கொண்டு, டிக்கெட் கொடுக்க ஆள் இருக்கு, நான் போயிட்டு வரேன் என்றார். பல்வலிக்குக்கூட லீவு போடாத மனுஷன் லீவு போட்டுவிட்டார். சனிக்கிழமை காலை உன் விடுதி கேட்டில் நிற்பார். டாக்டரம்மாவோடு படித்தவர் அங்கே இருக்கிறாராம், அன்றைக்கே ஸ்கேனுக்குச் சொல்லி வைத்தாயிற்று. அதுவரை ஓட்டம் வேண்டாம், படி ஏறாதே, அந்தக் காலில் பாரம் போடாதே, வலி கூடினால் அவருக்காகக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. கோச் கெட்டவர் இல்லை, டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று நேராகச் சொல். அவரிடம் பேச அப்பா கண்ணாடி முன்னால் நின்று ஒரு பேச்சைத் தயார் பண்ணியிருக்கிறார், அங்கே வந்ததும் பாதி மறந்துபோகும், நீ சமாளித்துக்கொள். அப்பா கொண்டுவரும் மூட்டையில் ஊன்றுகட்டை இருக்கிறது, ஆஸ்பத்திரியில் இரவல் வாங்கியது, பார்த்ததும் முகத்தைச் சுருக்காதே. இந்த வருஷம் போனால் போகட்டும் தங்கம், ஓட்டம் எங்கேயும் போகாது.

காலும் மனசும் கூடி நீ நூறு வருஷம் நடமாடவேண்டும். ஆதார் அட்டையையும், பழைய எக்ஸ்ரே ஏதாவது இருந்தால் அதையும் எடுத்து வைக்க மறக்காதே. அப்பா அங்கே வந்து எலும்பு கழுத்து என்றெல்லாம் பேசமாட்டார், வலிக்குதாம்மா என்று ஒன்றே ஒன்றுதான் கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிடு. அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான், பஸ்ஸில் நின்றே பழகிய மனுஷன் அவ்வளவு தூரம் உட்கார்ந்துகொண்டே வருகிறார்.

உன்னை இடுப்பிலேயே தூக்கித் திரிந்த
அம்மா