நிற்கும்போது பேசும் வண்டி

செங்கல்பட்டு, 9.3.2008

அன்புள்ள சங்கரிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? டாக்டரம்மா சொன்ன தேதிக்கு இன்னும் இருபது நாள்தானே? நான் நன்றாக இருக்கிறேன். ரூமில் மேசை போட்டுக் காற்றாட உட்கார்ந்து எழுதுகிறேன். போன் செய்தால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாய்; அதனால்தான் கடிதம்.

பெரிதாக ஒன்றுமில்லை. ஷெட்டுக்கு ஒரு கார் வந்திருக்கிறது. இன்ஜின், பிரேக், ஸ்டியரிங் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கம்ப்யூட்டர் பெட்டி. அவை இரண்டு ஒயர் வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். நேற்று நான் ஓட்டிப் பார்த்தபோது, கோவளம் தாண்டியதும் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. ஸ்டியரிங் இறுகிக்கொண்டது. எதிரே பஸ். எப்படியோ மணலில் இறக்கிவிட்டேன்.

ஷெட்டில் அளந்தால் ஒயர் சரியாகத்தான் இருக்கிறது. "நின்னுகினு இருந்தா ஒண்ணும் இல்ல சார், ஓட சொல்லோதான் பேஜாரு" என்கிறார் டிரைவர் வாசுதேவன். அதனால் பழுது பிடிபடும் வரை தினமும் அதே ரோடு. அவர் ஓட்டுவார். மடியில் மீட்டரோடு, பேச்சு மறுபடி எப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டு நான் பக்கத்தில்.

அத்தையிடம் சொல்லி முருகன் கோயில் திருநீறு கொஞ்சம் மடித்து அனுப்பு. டிரைவருக்குத்தான், எனக்கில்லை.

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று யோசிக்காதே. ஓடும் பஸ்ஸில் எழுதினேன்.

உன்
பரணி