ஒரு தடவைகூட இடிக்காதவன்

மார்ச் 2

கார் இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கச் சொல்லி வந்திருக்கிறது. போன வருடம் நானூறு பவுண்ட். இந்த வருடம் ஆயிரத்து நூறு! கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதே கார், அதே ஷெட். ஐம்பது வருடமாக ஓட்டுகிறேன், ஒரு பூனை வாலைக்கூட மிதித்ததில்லை. நான் செய்த குற்றம், எண்பத்திரண்டு வயதானது.

கார் இல்லாவிட்டால் மேவிஸின் மதியச் சாப்பாடு என்ன ஆகும்? முதியோர் இல்லத்தில் வேறு யார் ஸ்பூனை நீட்டினாலும் வாயை இறுக மூடிக்கொள்கிறாள். கட்டிய புருஷன் நான் ஊட்டினால்தான் திறக்கிறாள். இல்லம் இருக்கும் ஹார்ன்காசிலுக்கு எங்கள் கிராமத்திலிருந்து பஸ் வியாழக்கிழமை மட்டும். மற்ற நாளெல்லாம் அவள் பட்டினி கிடக்கவா?

மார்ச் 4

மகன் நைஜல் போனில்: "பத்து கம்பெனி பாத்துட்டேன்ப்பா. உங்க வயசக் கேட்டதுமே பாதிப் பேர் கதவச் சாத்திட்டான். பேசாம கார வித்துடுங்களேன்."

போன வருடம் சூப்பர்மார்க்கெட் தூணில் காரை இடித்தவன் இவன். இன்ஷூரன்ஸுக்கு என்னிடம் கேட்பதில் பாதிதான் அவன் கட்டுகிறான். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அம்மாவைப் பார்க்க வரவில்லை. யோசனை மட்டும் வருகிறது.

மார்ச் 5

கம்பெனிக்குப் போன் செய்தேன். காத்திருக்கச் சொல்லி முக்கால் மணி நேரம் பியானோ இசை. பிறகு கெய்லி என்று ஒரு பெண்.

"உங்க மேல தப்பே இல்ல சார். உங்க வயசுல மத்தவங்க இடிக்கிறாங்க இல்லயா, அதான்."

"அவங்க இடிச்சா நான் ஏம்மா கட்டணும்?"

"கம்ப்யூட்டர் போடுற ரேட்டு சார்."

கடைசியில் நான் என்ன சொன்னேன்? "ரொம்ப நன்றிம்மா, நல்லா உதவி பண்ணீங்க." சீ! காலை மிதித்தவனிடமே மன்னிப்புக் கேட்கும் ஜென்மங்கள், இங்கிலீஷ்காரர்கள் நாங்கள்.

மார்ச் 6

வயிறு எரிகிறது. தேநீர்கூடக் கசக்கிறது.

மார்ச் 9

மறுபடி போன். இன்று ஒரு பையன். "கூட ஓட்டுறவர்னு மகன் பேரச் சேத்தா கொறையலாம் சார்." சேர்த்துப் பார்த்தான். அறுநூறு! தூணை இடித்தவன் பக்கத்தில் வந்ததும் நான் யோக்கியனாகிவிட்டேன். த்தூ. இதற்குப் பெயர் கணக்காம்.

நைஜலிடம் சொன்னேன். "சும்மா பேர மட்டும் போட்டுக்கங்கப்பா. எல்லாரும் பண்றதுதான்" என்றான்.

"ஓட்டுவான்னு எழுதினா ஓட்டணும். ஞாயித்துக்கிழம வா. இல்லேன்னா உன் பேரே வேணாம்."

"ஞாயித்துக்கிழமயா? கால்பந்து இருக்கேப்பா!"

"உங்கம்மாவும் இருக்கா."

மார்ச் 17

நைஜல் ஒருவழியாக வரச் சம்மதித்தான். கட்டித் தொலைத்தேன். அந்த அறுநூறும் கொள்ளைதான்.

மார்ச் 22, ஞாயிறு

நைஜல் வந்தான். அவன்தான் ஓட்டினான். வளைவுக்கு வளைவு என் கால் இல்லாத பிரேக்கைத் தேடியது.

இல்லத்தில் விளையாட்டாக ஸ்பூனை எடுத்து நீட்டினான். வீண் வேலை என்று சொல்ல வாயெடுத்தேன். மேவிஸ் வாயைத் திறந்துவிட்டாள். மசித்த உருளைக்கிழங்கு, கேரட், எல்லாம் உள்ளே போயிற்று. பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு என் பெயரைச் சொன்னாள். "லெஸ், இன்னிக்கு ஏன் இவ்ளோ லேட்டு?"

நைஜல் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். "வழியில கூட்டம், மேவிஸ்" என்றான் தன் அம்மாவிடம்.

அவள் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி அவனிடம் கேட்டாள். "யாரு அந்தப் பெரியவர்? பாவம், எதாவது சாப்டாரா?"

மிச்சமிருந்த கஸ்டர்டை எனக்குக் கொடுக்கச் சொன்னாள். வாங்கிச் சாப்பிட்டேன்.