சிறுத்துப்போன புள்ளி

“வாத்தியாரே, கம்மி கதிர்ல எடுத்த படத்த கம்ப்யூட்டரு தொடச்சிக் குடுத்தா, அதுல தெரியறது என் நுரையீரலா, கம்ப்யூட்டரோட கைவேலையா?”

பாய், ஸ்கேன் சென்டர் வாசலில் நீங்கள் என்னிடம் கேட்ட இந்தக் கேள்வி நேற்று மாலை மறுபடி காதில் விழுந்தது. வீடு முழுக்கக் கேசரி வாசனை. என் நுரையீரலில் இருந்த புள்ளி சிறுத்துவிட்டதாக ரிப்போர்ட் வந்த சந்தோஷத்தில் மருமகள் கிண்டியது. அடுத்த ஸ்கேன் ஒரு வருடம் கழித்துப் போதுமாம். எனக்கு மட்டும் ஒரு வாய் இறங்கவில்லை.

அன்று உங்கள் நுரையீரல் புள்ளிக்கும் இதையேதான் சொன்னார்கள். குரோம்பேட்டையில் ஸ்டுடியோ வைத்து, எத்தனையோ கல்யாணப் படங்களைத் திருத்திக் கொடுத்தவர் நீங்கள். தழும்பு, பரு எல்லாம் உங்கள் கை பட்டால் மறையும். ஒரு மணப்பெண்ணின் அம்மா படத்தை மேஜையில் போட்டு, “இன்னா பாய், எம்பொண்ணு மச்சம் எங்க? இது யார் வூட்டுப் பொண்ணு?” என்று சண்டைக்கு வந்ததைச் சிரித்துச் சிரித்துச் சொல்வீர்கள். அதனால்தான் உங்கள் இரண்டாவது ஸ்கேனைப் பார்த்ததும் உங்கள் முகம் மாறியது. எக்ஸ்ரே கதிர் முன்னைவிடக் குறைவு. படமோ முன்னைவிட வழவழப்பு.

டெக்னீஷியன் பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். “அங்கிள், இது டச்சப் இல்ல. கதிர் கம்மியா குடுத்தா படம் மணல் தூவின மாதிரி வரும். வந்த சிக்னலை வெச்சு கம்ப்யூட்டர் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டு படத்தைக் கட்டுது. உடம்புக்கு நல்லதுதானே?”

“நல்லதுதாம்மா. நானும் இப்டி சொல்லித்தான் கல்லா கட்னேன்.”

அவள் சொன்னது பொய்யில்லை. அடிக்கடி படமெடுக்க வேண்டியவருக்குக் கதிர் குறைவது பெரிய உதவி. ஆனாலும் எனக்கு என் வகுப்பு நினைவுக்கு வந்தது. தகரக் கூரையில் மழை அடிக்கும்போது வருகைப்பதிவு எடுத்தால் பாதிச் சத்தம்தான் காதுக்கு வரும். மீதியை மனசு நிரப்பிக்கொள்ளும். பெரும்பாலும் சரியாகவே நிரப்பும். எப்போதாவது வராத பையன் ‘உள்ளேன் ஐயா’ சொல்லியிருப்பான். மெல்லிய குரல்காரன் வந்தும் காணாமல் போவான்.

நீங்கள் விடவில்லை. “போன தடவ எப்டிக் கட்னியோ அப்டியே இத்தையும் கட்டிக் காட்டு. மறுக்கா என்னைப் படுக்க வெக்காத.”

மூலத் தகவல் மிஷினில் சில நாள்தான் இருக்கும், நல்லவேளை இன்னும் அழியவில்லை என்றாள். பழைய முறையில் கட்டிய படம் வந்தது. டாக்டர் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “புதுப் படத்துல ஓரம் மழுங்கியிருக்கு, அதான் சிறுசாத் தெரிஞ்சிருக்கு. நிஜத்துல குறையல. வளரவும் இல்ல. ஒரு வருஷம் வேணாம், மூணு மாசத்துல வாங்க.”

வெளியே வந்து என் தோளைத் தட்டினீர்கள். “சிறுத்துச்சுன்னதுக்கு இது தேவலை வாத்தியாரே. இது நம்மளுது.”

அடுத்த ஸ்கேனில் அது வளர்ந்திருந்தது. சிறிதாக இருக்கும்போதே எடுத்துவிட்டார்கள். பேத்தியின் நிக்காஹ்வுக்கு நீங்களே கேமராவைத் தூக்கிக்கொண்டு நின்றீர்கள். போன மழைக்காலத்தில் உங்களைக் கொண்டுபோனது மாரடைப்பு, நுரையீரல் அல்ல.

“நல்ல சேதியச் சந்தேகப்படற ஒரே ஆளு நீங்கதாம்ப்பா” என்றான் நேற்று என் மகன்.

“இன்னொருத்தர் இருந்தார்டா” என்றேன்.

இன்று காலையில் ஸ்கேன் சென்டருக்குப் போன் செய்து கேட்டேன். என் படங்களும் வேறு வேறு முறையில் கட்டியவைதானாம். தகவல் நாளைவரை மிஷினில் இருக்குமாம். என் முடிச்சூர் வீட்டு வாசலில், சென்டருக்குப் போக ஆட்டோ வந்து நிற்கிறது. பயமாகத்தான் இருக்கிறது பாய். ஆனாலும் என் புள்ளி எனக்குத் தெரிய வேண்டும்.

இதைப் படிப்பவர்கள் ஒன்று செய்யுங்கள்: அடுத்த ஸ்கேனுக்குப் பழைய ஸ்கேன் சிடியையும் எடுத்துப்போய், இரண்டு படமும் ஒரே முறையில் கட்டியவையா என்று அன்றைக்கே கேளுங்கள்.