ஆறு மணிக்கு அணையும் கேட் லைட்

நானா,

போன செவ்வாய்க்கிழமை எங்கள் முன்னறையில் பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது. தேடிப் பார்த்தால், சாமித்தட்டுக்குக் கீழே நீங்கள் கொண்டுவந்து பொருத்திய அந்தக் கறுப்பு அடாப்டர். செங்கல் மாதிரிக் கனமாக, எப்போது பிளக்கிலிருந்து கழன்று விழுமோ என்று நாலு வருடம் தொங்கிக்கொண்டிருந்த அது ஒருவழியாக உயிரை விட்டிருந்தது. முருகன் படத்தைச் சுற்றியிருந்த பொடிப் பொடி பல்புகள் எல்லாம் இருண்டு கிடந்தன. அம்மா பதறிப்போய் எண்ணெய் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, நாளைக்கே புதிது வாங்கி வா என்றார்.

மறுநாள் வேலை விட்டு வரும்போது கட்டுகஸ்தோட்டையில் ஒரு கடையில் வாங்கினேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன அடாப்டர், எடையே இல்லை. ஆறு மணிக்கு அம்மா சுவிட்சைப் போட்டார். படம் பளிச்சென்று ஆனது. அதே நொடியில் அப்பாவின் ரேடியோவில் பாட்டு காணாமல் போய், சூடான எண்ணெயில் தண்ணீர் விழுந்தது மாதிரி ஓர் இரைச்சல் எழுந்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் உங்கள் முகம் நினைவுக்கு வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் முதலில் வந்தது பயம். நீங்கள் சாகும்வரை காப்பாற்றி வைத்த பொய் அன்றைக்கு உடையப் போகிறது என்ற பயம்.

உங்களுக்கு நினைவிருக்கும். புசல்லாவைத் தோட்டத்திலிருந்து அம்மாவையும் அப்பாவையும் நான் இங்கே அழைத்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் நின்றபடியே வேலை பார்த்த மனிதர், பாரிசவாதம் வந்து வலது பக்கம் முழுவதும் விழுந்து கட்டிலோடு கிடந்தார். பேச்சும் போய்விட்டது. அவருக்கென்று மிச்சமிருந்தது ஒரு ரேடியோதான். அதுவும் எங்கள் வீட்டில் ஒழுங்காக எடுக்கவில்லை. ஒருநாள் காலையில் எதிர்வீட்டிலிருந்து நீங்கள் துணிக்கடைக்குப் புறப்பட்டுப் போகும்போது எங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்த காட்சி, அம்மா ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்றுகொண்டு ரேடியோவின் ஏரியலைப் பிடித்தபடி செய்தி முடியக் காத்திருந்ததுதான். அவர் கையை எடுத்தால் செய்தி கரகரக்கும்.

"அம்மா, ரேடியோவுக்குக் காவலா?" என்றீர்கள் வெளியே நின்றே.

"என்னாங்க செய்றது? நான் புடிச்சாத்தான் பாடுது."

"மனிசன் உடம்பும் ஒரு ஏரியல்தான். ஆனா ஒங்கள நாள் முழுக்க நிப்பாட்டி வெக்க ஏலாதே."

அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் முதல் தடவை வந்தீர்கள், கூடப் பிறக்காத அண்ணனாக எனக்கு நானா ஆனீர்கள். ஃபிரிட்ஜின் இரும்புத் தலையிலிருந்து ரேடியோவைக் கீழே இறக்கினீர்கள். ஹந்தானை மலைப் பக்கம் பார்த்த ஜன்னலில் வைத்தீர்கள். அங்கும் கொஞ்சம் கரகரத்தது. "சுத்திவர மலைதானே. எஃப்எம் மலையில பட்டுத் திரும்பியும் வருது. ஒரே பாட்டு ரெண்டு பக்கத்தால வந்து முட்டிக்கொள்ளுது" என்று சொல்லி, பெட்டியை ஒரு சாண் இடது பக்கம் தள்ளினீர்கள். அவ்வளவுதான். செய்தி வாசிப்பவர் எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பது போலப் பேசினார். கடைக்கு நேரமாகிறது என்று நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அப்பா இடது கையைத் தூக்கி, விரல்களால் எதையோ திருகுவதுபோலக் காட்டினார். எனக்கும் அம்மாவுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. நீங்கள் திரும்பி வந்து அவர் கட்டிலருகே குந்தினீர்கள்.

"ஐயாவுக்கு எஃப்எம் வேணாம். மீடியம் வேவ்ல தமிழ்நாட்டு ஸ்டேஷன் வேணும். அப்படித்தானே ஐயா?"

அப்பாவின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். சொந்த மகள் நான், ஒரு மாதமாகப் பக்கத்தில் இருக்கிறேன், அந்த விரல் கேட்பது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. துணிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிற உங்களுக்குத் தெரிந்தது. சுருட்டி வைத்த துணியைப் பார்த்தே எத்தனை கெஜம் என்று சொல்கிற ஆள் ஆயிற்றே நீங்கள்.

தோட்டத்தில் தினமும் ஆறு மணிக்கு அந்தப் பழைய பாட்டுகளைக் கேட்டுக்கொண்டேதான் அவர் இராச்சாப்பாடு சாப்பிடுவார். இங்கே வந்த பிறகு ஆறு மணிக்கு அந்த அலைவரிசையில் இரைச்சல் மட்டுமே. இரைச்சல் தொடங்கியதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். பிறகு எதை ஊட்டினாலும் வாயைத் திறக்க மாட்டார். ஆள் எலும்பும் தோலுமாக இளைத்துக்கொண்டே வந்தார்.

அம்மாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதை மனதுக்குள் வைத்துக்கொள்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "தம்பி கோவிச்சுக்காதீங்க. ஒங்க கேட்ல அந்தப் பெரிய லைட்டப் போட்டதுல இருந்துதான் இந்தக் கரச்சல்" என்று நேரடியாகவே சொன்னார். நாங்கள் வந்த அதே மாதம் நீங்கள் மாட்டிய எல்ஈடி விளக்கு அது, பாதை முழுக்கப் பகல் மாதிரி அடிக்கும். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நீங்கள் சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "ஈக்கலாம் அம்மா. பாத்துச் செல்றேன்" என்றீர்கள். இருக்கலாம், பார்த்துச் சொல்கிறேன் என்பது உங்கள் பேச்சில் அப்படித்தான் வரும்.

அடுத்த நாள் ஆறு மணிக்கு உங்கள் சின்ன பேட்டரி ரேடியோவோடு வந்தீர்கள். வரும்போதே கேட் லைட்டை அணைத்துவிட்டு வந்தீர்கள், இரைச்சல் கொஞ்சமும் குறையவில்லை. அம்மா அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். என்னிடம் தாழ்ந்த குரலில், "தூரத்து மீடியம் வேவ் இருட்ட இருட்ட நல்லா வரணும் தங்கச்சி. ஒங்கட ஊட்டுல மட்டும் இருட்டினாத்தான் நாசமாகுது. அப்ப, இருட்டினதும் நீங்க போடுற ஏதோ ஒன்டுதான்" என்றீர்கள். ஸ்டேஷன் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, அந்தச் சின்ன ரேடியோவைக் கையில் பிடித்தபடி அறை அறையாக நடந்தீர்கள். குளியலறை பல்பிடம் ஒரு முணுமுணுப்பு. என் போன் சார்ஜரிடம் கொஞ்சம் கூட. முன்னறைக்கு வந்தீர்கள். சாமித்தட்டை நெருங்கியதும் ரேடியோ சன்னதம் வந்தது போலக் கத்தியது.

உங்கள் பெருவிரல் அப்போது செய்ததை நான் மறக்கவே மாட்டேன். ஒரு நொடியில் வால்யூமை அடியோடு குறைத்துவிட்டது. அம்மா தேத்தண்ணியோடு வந்தபோது நீங்கள் ஜன்னல் பக்கம் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா தம்பி?"

"கிட்ட வந்திட்டேன் அம்மா. நாளைக்குச் செல்றேன்."

உங்களை வழியனுப்ப கேட் வரைக்கும் வந்தேன். அந்த பல்பு மாலை அம்மாவின் நேர்த்திக்கடன் என்று உங்களுக்குத் தெரியும். அப்பாவோடு இங்கே வந்த வாரம் வாங்கி மாட்டியது. மனுசன் எழும்பி நடக்கும்வரை ஆறு மணிக்கு இது எரியாமல் இருக்கக்கூடாது என்று படத்துக்கு முன்னால் சொல்லியே மாட்டியது.

"அம்மா அத எரிய வெக்கிறது ஐயா எழும்பணும்னு. அதுதான் ஐயாட பாட்டக் கெடுக்குதுன்னு நான் எப்படிச் செல்லுறது தங்கச்சி? அதுவும் நான்?"

ஒரு முஸ்லிமின் வாயிலிருந்து வந்த அந்த 'அதுவும் நான்' என்பதற்கு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இந்த ஊரில் வாழ்கிற யாருக்கும் தேவைப்படாது. ஆனாலும் நான் சொல்லிப் பார்த்தேன், நானே அம்மாவிடம் சொல்கிறேன் என்று. "செல்லினா அம்மா லைட்ட நிப்பாட்டிருவாங்க. ஐயாவுக்கு நாளைக்கு ஏதும் ஆனா, லைட்ட நிப்பாட்டினதாலதான்னு உசிரு ஈக்கும் வரைக்கும் நெனப்பாங்க. ரெண்டும் ஈக்கட்டும். லைட்டும் எரியட்டும், பாட்டும் கேக்கட்டும்" என்றீர்கள்.

எங்கேயோ தேடிப் பிடித்து அந்தக் கனத்த கறுப்பு அடாப்டரைக் கொண்டுவந்தீர்கள். உள்ளே இரும்பும் செம்புக் கம்பியும் சுற்றிய பழைய மாடல், மாலையோடு வந்த சின்ன அடாப்டர் மாதிரி இது ரேடியோவில் வாயைத் திறக்காது என்று என்னிடம் சொன்னீர்கள். அம்மாவிடம் வேறு கதை. "இந்தச் சின்னது சூடாகுது அம்மா. சாமிப் படத்துக்குப் பக்கத்துல தீப் புடிச்சா கஷ்டம்." மாற்றி முடித்ததும், "பொறுங்க, எங்கட கேட் லைட்ட நிப்பாட்டிட்டு வாறேன்" என்று எதிர்வீட்டுக்கு ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்து நின்றீர்கள். அம்மா சுவிட்சைப் போட்டார். முருகன் பளிச்சென்று ஆனார், பாட்டும் பிசிறில்லாமல் வந்தது.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல," என்றார் அம்மா.

"எங்கட பிழைதான் அம்மா. இனி ஆறு மணியில இருந்து ஏழு மணி வரைக்கும் அந்த லைட் எரியாது."

அன்று அப்பா மூன்று இடியப்பம் சாப்பிட்டார். இடது பக்க வாயால் சிரித்தார். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன்.

அதற்குப் பிறகு உங்கள் கேட் அந்த ஒரு மணித்தியாலம் இருட்டில் கிடந்தது. பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுதுவிட்டு வரும்போது டோர்ச் அடித்துக்கொண்டு உங்கள் வீட்டு வாசலையே நீங்கள் தேடினீர்கள். ஒரு மழை நாளில் படியில் இடறி கால் பெருவிரல் நகம் பெயர்ந்தது. கட்டோடு கடைக்குப் போன உங்களை அம்மா பார்த்துவிட்டு என்ன தம்பி என்று கேட்டதற்கு, வயசாகுது அம்மா என்றீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. போதும் நானா, உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன்.

"ஐயா பாட்டுக் கேக்கிறார். அம்மா சாமி கும்பிடுறாங்க. எங்கட ஊட்டுல ஒரு மணித்தியாலம் இருட்டு. இதுல யாருக்கு நட்டம்? அதோட அது முழுப் பொய்யுமில்ல. எங்கட லைட்டும் கொஞ்சம் சத்தம் போடத்தான் செய்யுது."

உங்கள் நகம் பெயர்ந்ததை நட்டத்தில் சேர்க்க உங்களுக்குத் தோன்றவே இல்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். அது எனக்கும் வசதியாக இருந்தது என்பதை இப்போதாவது ஒத்துக்கொள்கிறேன்.

அப்பா எழும்பி நடக்கவில்லை. ஆனால் இரண்டு வருடம் பாட்டுக் கேட்டார், சாப்பிட்டார். அவர் போன பிறகு அந்த ரேடியோவை அம்மா எடுத்துக்கொண்டார். போன வருடம் நீங்களும் போனீர்கள். காலையில் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். செய்தி கேட்டு நான் வேலையிலிருந்து ஓடி வருவதற்குள் ஜனாஸாவை அடக்கம் செய்யக் கொண்டுபோய்விட்டார்கள். அன்று ஆறு மணிக்கு உங்கள் கேட் லைட் எரியவில்லை. துக்க வீடு, யாருக்கு லைட் ஞாபகம் இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த நாளும் எரியவில்லை. அதற்கடுத்த நாளும்.

இனி போன புதன்கிழமைக்கு வருகிறேன். இரைச்சல் எழுந்ததும் அம்மா நேரே ஜன்னலுக்குப் போனார். "லைட்ட மறந்து போட்டுட்டாங்க போல" என்று திரையை விலக்கியவர் அப்படியே நின்றார். எதிரே கேட் கும்மிருட்டாக இருந்தது. திரும்பி ரேடியோவைப் பார்த்தார், பிறகு சாமித்தட்டைப் பார்த்தார். அம்மா படிக்காதவர், மடச்சி இல்லை. சுவிட்சை அணைத்தார், பாட்டு வந்தது. போட்டார், இரைச்சல் வந்தது. இன்னொரு தடவை செய்து பார்த்தார்.

"ஒன் நானாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"ஒனக்கு?"

நான் குனிந்து புது அடாப்டரைப் பிளக்கிலிருந்து கழற்றினேன். அம்மா கதிரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, செருப்புக்கூடப் போடாமல் பாதையைக் கடந்து உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். நான் பின்னால் ஓடினேன்.

உங்கள் மனைவி கதவைத் திறந்ததும், "ஏன் மகள் லைட்டப் போடல?" என்று கேட்டார் அம்மா.

"அவர் செல்லி வெச்சது தானே அம்மா. எங்கட லைட்டால ஒங்களுக்கு ரேடியோ கேக்க ஏலாதுன்னு. ஆறுக்கும் ஏழுக்கும் எடையில போடவே வேணாம்னு செல்லினார்."

அதைக் கேட்டு எனக்கே தூக்கிவாரிப்போட்டது. வீட்டுக்காரியிடம்கூட நீங்கள் சொல்லவில்லையா, நானா? அவரும் நாலு வருடமாக அதை நம்பி, நீங்கள் போன பிறகும், உங்கள் கட்டளையாக இருட்டிலேயே இருந்திருக்கிறார்.

"ஒங்க லைட்டு இல்லம்மா. எங்க சாமி லைட்டுதான். ஒங்க வீட்டுக்காரரு எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டாரு. நான் அவர எத்தன தடவ கேலி பண்ணிருக்கேன்" என்று அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். உங்கள் மனைவி முதலில் விளங்காமல் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். "எனக்கிட்டயும் பொய் செல்லி ஈக்கிறார் மனிசன்" என்று சிரிக்கத் தொடங்கியவர், பாதியில் முகத்தை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய் உங்கள் அலுமாரியைத் திறந்து எதையோ எடுத்து வந்தார். அதே கறுப்பு, அதே செங்கல் கனம். "இது ஒன்டு வாங்கி வெச்சீந்தார். யாருக்கும் குடுக்காத, ஒரு நாளைக்குத் தேவப்படும்னு செல்லினார். எதுக்குன்னு நானும் கேக்கல்ல." அதைக் கையில் வாங்கியபோது, எப்பேர்ப்பட்ட மனிதர் எங்களுக்கு எதிரே குடியிருந்திருக்கிறார் என்று நினைத்தேன். உங்களிடம் நேரில் சொல்லாமல் விட்ட வார்த்தை அது.

இப்போது அது எங்கள் சாமித்தட்டுக்குக் கீழே தொங்குகிறது. என் கையால் மாட்டினேன். பாட்டு பிசிறில்லாமல் வருகிறது. உங்கள் சின்ன பேட்டரி ரேடியோவை உங்கள் மனைவி என்னிடமே தந்துவிட்டார். முந்தாநாள் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி தன் ரேடியோ இரைகிறது என்று புலம்பினாள். நேற்று அந்தச் சின்ன ரேடியோவைக் கொண்டுபோய்ப் பார்த்தால், அவள் கணவர் பிறந்தநாளுக்குக் கொடுத்த மேசை விளக்கிடம் கத்தியது. என் பெருவிரல் தானாக வால்யூமைக் குறைத்தது. என் சார்ஜர்தான் போலிருக்கிறது என்று சொல்லி என்னுடையதைக் கழற்றினேன். இனி அவளுக்கும் ஒரு கறுப்பு அடாப்டர் தேட வேண்டும்.

அம்மா ஆறு மணிக்குச் சாமித்தட்டுக்கு முன்னால் வந்து நிற்கிறார், ஆனால் உடனே சுவிட்சைப் போடுவதில்லை. ஜன்னல் திரையை விலக்கி எதிரே பார்க்கிறார். இருட்டாக இருந்தால் இங்கிருந்தே குரல் கொடுக்கிறார்.

"மகள், லைட்டப் போடுங்க. ஒங்க லைட் எரிஞ்சாத்தான் நான் சாமி லைட்டப் போடுவேன்."

எதிரே வெளிச்சம் வருகிறது, நானா. அதற்குப் பிறகுதான் இங்கே முருகன் பளிச்சென்று ஆகிறார்.